கம்பி வடி, கடதாசி வடி

அந்த ஜெர்மன்காரர் ஒரு கையில் என் கோப்பியையும் மறு கையில் தன் கோப்பியையும் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றார். வெயிலுக்கு வரும்படி கண்ணால் சாடை காட்டினார். நான் ரொட்டிக் கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் போனேன். ஆலங்குடாவுக்குக் காற்றுப் பட்டம் பிடித்துக் கடலில் ஓட வருகிற வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி அது. அவர்களுக்குக் காலைச் சாப்பாடு செய்வது என் வேலை. இரண்டு கோப்பைகளையும் அவர் மதில்மேல் வைத்தார். குனிந்து பார்த்தேன். நான் ஊற்றியது விடுதியின் கம்பி வடியில். அவர் ஊற்றியது தன் பையில் கொண்டுவந்த கடதாசி வடியில். ஒரே தூள், ஒரே கேத்தல் தண்ணீர். என்னுடையதில் மீனாணக் குழம்பின் மேலே மிதப்பதுபோல் மெல்லிய எண்ணெய் படர்ந்து வெயிலில் நிறம் நிறமாக மினுங்கியது. அவருடையதில் அப்படி ஒன்றுமே இல்லை.

கொரோனா வந்து போனதிலிருந்து எனக்கு மணம் பிடிபடுவதில்லை. பாண் கருகினாலும் புகையைக் கண்டுதான் அறிவேன். அதனால் எதையும் கண்ணால் இரண்டு முறை பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஆனாலும் பத்து வருடமாகக் கோப்பி ஊற்றுகிற நான் அந்த எண்ணெயை ஒரு நாளும் கண்டதில்லை என்பது எனக்கே வெட்கமாக இருந்தது. விடுதி மனேஜர் அஸ்ஜத்தைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டேன். ஜெர்மன்காரர் சொல்லச் சொல்ல அவன் தமிழில் சொன்னான். கோப்பிக் கொட்டையில் ஓர் எண்ணெய் இருக்கிறதாம். அது உடம்பில் கெட்ட கொழுப்பைக் கூட்டுமாம். கம்பி வடி அதை அப்படியே விட்டுவிடும், கடதாசி பிடித்துக்கொள்ளும். இவருக்கு ஒரு முறை மாரடைப்பு வந்ததால் கடதாசியில் வடித்ததைத்தான் குடிக்கலாம் என்று அவர்கள் ஊர் டொக்டர் கட்டளை போட்டிருக்கிறார். சொல்லி முடித்துவிட்டு அஸ்ஜத் சிரித்தான். வெள்ளைக்காரனுக்கு எதைத் தின்றாலும் ஒரு விஞ்ஞானம் வேண்டும் என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் என் வீட்டிலும் ஒரு நெஞ்சு நோயாளி இருந்தார். என் கணவர் இஸ்ஹாக். பதினாலு வயதிலிருந்து கடலுக்குப் போனவர். போன வருடம் வலை இழுத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படகுக்குள் விழுந்தார். ஓர் அடைப்புக்குக் கம்பிச் சுருள் வைத்தார்கள். இன்னும் இரண்டு அடைப்புகள் பாதி அளவில் இருக்கின்றன, கொழுப்பு இறங்கினால் அவை அப்படியே நிற்கும், இறங்காவிட்டால் நெஞ்சைத் திறக்க வேண்டி வரும் என்று கிளினிக் டொக்டர் சொன்னார். கடலும் அதுவரை கூடாது. மனுஷன் சொன்ன சொல் கேட்டார். சிகரெட்டை விட்டார். மாட்டிறைச்சி, றால், தேங்காய்ப்பால், நெய்ச்சோறு எல்லாவற்றையும் விட்டார். கல்யாண வீட்டில் வெறும் பாணைக் கறியில்லாமல் தின்றுவிட்டு எழும்பி வந்தார். மாத்திரைகளை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அப்படியிருந்தும் இரத்தத்தில் கெட்ட கொழுப்பு நூற்று அறுபத்துநாலிலேயே நின்றது. அடுத்த சோதனையிலும் இறங்காவிட்டால் கொழும்புக்கு எழுதித் தருவதாக டொக்டர் சொல்லியிருந்தார். அதற்கு இன்னும் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தது.

அவரிடம் மிச்சமிருந்த ஒரே சுகம் கோப்பி. விடியக்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பெரிய கோப்பையில் இரண்டு, பின்னேரம் அசருக்குப் பிறகு இரண்டு. அதுவும் நான் விடுதியிலிருந்து கொண்டுவந்த பழைய கம்பி வடியில் வடித்தது. முன்பெல்லாம் தூளைக் கோப்பையில் போட்டுக் கொதிநீர் ஊற்றி, மண்டி அடியில் இறங்கும்வரை காத்திருந்து குடிப்போம். கம்பி வடி வந்த பிறகு மீசையில் தூள் ஒட்டுவதில்லை என்று அவருக்கு அதன்மேல் ஒரு பிரியம். நானே என் கையால் கொண்டுவந்து கொடுத்த வடி. அன்று வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். நோய் வந்த நாளிலிருந்து தட்டில் எதை வைத்தாலும் இதுவும் மருந்தா என்று கேட்கிற மனுஷன். கோப்பியும் மருந்தாகிவிட்டால் அவருக்கு எழும்புவதற்கே ஒரு காரணம் இருக்காது என்று பயந்தேன். அது ஒன்று. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எனக்கு அறிய ஆசையாக இருந்தது. வாப்பாவின் கைக்கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்து அடி வாங்கியவள் நான். எதையும் ஒரு முறை கிளறிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மற்ற எதையும் மாற்றாமல், அவருக்கும் தெரியாமல், வடியை மட்டும் மாற்றிப் பார்த்தால் என்ன ஆகும் என்ற யோசனை வந்ததும் அதை என்னால் விட முடியவில்லை.

ஜெர்மன்காரர் ஊருக்குப் போகும்போது, நூறு கடதாசி கொண்ட உடைக்காத பெட்டி ஒன்றை எனக்குத் தந்துவிட்டுப் போனார். முதல் நாளே அது என்னைத் திண்டாட வைத்தது. எங்கள் பக்கத்தில் கோப்பிக் கொட்டையோடு ஒரு பிடி அரிசியும் வறுத்து, மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் சேர்த்து இடிப்பது வழக்கம். அரிசி கோப்பிக்குத் தடிப்பைக் கொடுக்கும். அந்த அரிசித்தூள் கடதாசியில் பசையாகப் பிடித்து, தண்ணீர் மேலே குளமாக நின்றது. அவர் முன் வாசலில் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். கால்மணி நேரம் கழித்து ஆறிப்போன அரைக் கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த முறை அரிசியை விட்டுவிட்டு இடித்தேன். இப்போது கோப்பி மணல் ஊற்றுத் தண்ணீர்போலத் தெளிவாக இறங்கியது.

"என்ன புள்ள, கோப்பி கழுவி ஊத்தின மாதிரி கிடக்கு?" என்றார்.

தூள் புதியது என்று சொன்னேன். மறுநாளும் அதையே குடித்தார். நான் குடிப்பது தேத்தண்ணி. மகள் அமானி அதுவும் குடிக்கமாட்டாள். அதனால் அந்தக் கோப்பியின் ருசி அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். வடித்த கடதாசிகளை அவர் கண்ணில் படாமல் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கொட்டினேன். ஒன்றை மட்டும் தூளைத் தட்டிவிட்டுக் காயவைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். வடை சுற்றிய கடதாசிபோல் அங்கங்கே ஒளி ஊடுருவியது. இவ்வளவும் அவர் நெஞ்சுக்குள் போயிருக்கவேண்டியது என்று நினைத்தபோது பயமாக இருந்தது, கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது.

ஒரு நாளைக்கு இரண்டு கடதாசி. ஐம்பது நாளில் பெட்டி காலியானது. அதற்குள் காற்றுக் காலம் முடிந்து விடுதியும் வெறிச்சோடிவிட்டது. கேட்டு வாங்க ஒரு வெள்ளைக்காரர் இல்லை. புத்தளம் டவுனில் நாலு கடை ஏறி இறங்கினேன். அப்படி ஒரு சாமான் இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. டிஷுக் கடதாசி கொதிநீரில் கரைந்து கோப்பைக்குள் விழுந்தது. சோதனைக்கு இன்னும் பன்னிரண்டு நாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கம்பி வடிக்குத் திரும்ப மனம் வரவில்லை. அமானியின் போனில் தேடச் சொன்னேன். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியும் அந்த எண்ணெயைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும் என்று வாசித்துக் காட்டினாள். உடனே துணி தேடினேன். பழைய சாரனில் சாயம் விட்டது. தலையணை உறையில் கொதிநீர் பட்டதும் நுரை வந்தது. சாயமோ சவர்க்காரமோ படாத நல்ல வெள்ளைத் துணி வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அது, இறந்தபின் தன் உடம்பைச் சுற்றுவதற்கென்று அவர் அலுமாரியின் அடித்தட்டில் வைத்திருந்த கபன் துணி.

நெஞ்சு நோயிலிருந்து எழும்பியதும் அவர் செய்த முதல் வேலை அதுதான். சிநேகிதர் நெய்னார் மக்காவுக்கு உம்ரா போனபோது, ஸம்ஸம் தண்ணீரில் நனைத்த துணி கொண்டுவரச் சொன்னார். வந்ததும் மடித்து, கபனுக்கு வைக்கிற கற்பூரத்தை இடையிடையே வைத்து, பச்சை உறையில் போட்டு அலுமாரியில் வைத்தார். தன் வேலை முடிந்ததுபோல் அன்று நன்றாகத் தூங்கினார். அதை வெளியே எடுத்து விரித்தேன். துணி தாராளமாகவே இருந்தது. ஓரத்தில் ஒரு சாண் மட்டும் பிஸ்மி சொல்லி வெட்டினேன். கொதிநீரில் அலசிக் கோப்பி வடித்தேன். எண்ணெய் மினுக்கம் இல்லை. வேலை முடிந்ததும் கழுவிக் காயவைத்தேன். அவர் குசினிக்குள்ளும் வந்து குடைகிற ஆள் என்பதால், அவர் கை வைக்கவே மாட்டார் என்று தெரிந்த ஒரே இடமான அந்தப் பச்சை உறைக்குள்ளேயே அதைத் திரும்பவும் ஒளித்துவைத்தேன். கற்பூரம் இருக்கிறது என்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. அது மணக்கும் என்பது, மூக்கில்லாத எனக்குப் புத்தியில் படவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து அவரிடம் ஒரு மாற்றம் கண்டேன். ஒழுகிக்கொண்டிருந்த கிணற்றடிக் குழாயைக் கேட்காமலே கழற்றிச் சரிசெய்து பூட்டினார். தண்ணீர் மோட்டர் இழுக்காவிட்டால் எந்த மூடியைக் கழற்றித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எனக்கும் அமானிக்கும் காட்டிக் கொடுத்தார். நுரைச்சோலையில் இருக்கிற தங்கச்சியோடு ஒரு வேலித் தகராறில் ஆறு வருடம் பேச்சில்லை. ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு நேரே அங்கே போய், அவள் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இருந்தாராம். அவளே போன் எடுத்து, நானாவுக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். எனக்கும் அதுதான் கேள்வி. சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழும்பினார். முன்பெல்லாம் உப்பில்லாக் கறிக்கு முகம் சுளிக்கிறவர், இப்போது நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுக் கை கழுவினார். கோபமே இல்லை. எனக்கு முதலில் சந்தோஷம், பிறகு குழப்பம். எண்ணெய் இறங்கினால் குணமும் இறங்குமா என்றுகூட யோசித்தேன், அவ்வளவு பைத்தியம் நான். அவர் கோப்பையை உதட்டருகில் கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தி, கண்ணை மூடிவிட்டுக் குடிப்பதைப் பார்த்தேன். ருசித்துக் குடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சோதனை நாள் விடியக்காலை, வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் கோப்பி இல்லை. ஆட்டோவில் கற்பிட்டிக்குப் போய், இரத்தம் எடுக்கிற இடத்துக்கு வெளியே கிடந்த மர வாங்கில் காத்திருந்தோம். அவர் இரண்டு மூன்று முறை காற்றை இழுத்து முகர்ந்தார்.

"இண்டைக்கி மணக்கல்ல," என்றார்.

என்ன மணக்கவில்லை என்று கேட்டேன். அவர் எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கற்பூரம். பத்துப் பன்னெண்டு நாளா சுபஹுக்குப் பொறகும் அசருக்குப் பொறகும் மூக்குல அடிக்கிது. வாப்பாவும் அப்புடித்தான் சொன்னார், கற்பூரம் மணக்குது என்டு. ரெண்டு கெழமையில மவ்த்தாகிட்டார். உனக்கிட்ட சொன்னா பயப்புடுவாய் என்டுதான் சொல்லல்ல."

குழாய், மோட்டர், தங்கச்சி வீடு, பாதிச் சோறு எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு விளங்கின. பன்னிரண்டு நாள் ஒரு மனுஷனைத் தன் மவ்த்தோடு தனியே நடக்கவிட்டிருக்கிறேன். அதுவும் காலையும் மாலையும் என் கையாலேயே ஊற்றிக் கொடுத்து. வாங்கில் எங்களோடு இன்னும் நாலுபேர் இருந்தார்கள். அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் குனிந்தேன்.

"அது மவ்த்து இல்ல. நான்தான். உங்கட கபன்துணியில ஒரு சாண் வெட்டி, அதாலதான் கோப்பி வடிச்சன்."

ஜெர்மன்காரரிலிருந்து பச்சை உறை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. உள்ளேயிருந்து, இரத்தம் எடுக்கிற ஷானிகா என்கிற பிள்ளை அவர் பெயரைக் கூப்பிட்டாள். எழும்பிப் போனார். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது, சொல்லியிருக்கலாமே என்றார். நீங்களும் சொல்லியிருக்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

வீட்டில் அந்தத் துண்டை எடுத்து வரச் சொன்னார். கொடுத்தேன். நடுவில் மண்நிறமாகக் கறை பிடித்து, ஓரம் மட்டும் வெள்ளையாக இருந்தது. மூக்கில் வைத்து முகர்ந்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பசிக்கிறது என்றார். அன்று அவர் இரண்டு தடவை சோறு போட்டுத் தின்றார்.

மூன்றாம் நாள் சோதனை முடிவோடு கிளினிக்குக்குப் போனோம். நூற்று இருபத்தொன்பது. டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தார். கொழும்புக்கு இப்போது தேவையில்லை, மாத்திரை வேலை செய்கிறது, இன்னும் இறங்கட்டும், கடலைப் பற்றிப் பிறகு கதைப்போம் என்றார். மாத்திரை ஒரு வருடமாக அதே மாத்திரைதான். நான் வடியைப் பற்றிச் சொன்னேன். நல்லதுதான், விடாமல் செய்யுங்கள், அதுவும் கொஞ்சம் உதவியிருக்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? அந்த முப்பத்தைந்தில் கடதாசியின் பங்கு எத்தனை, துணியின் பங்கு எத்தனை, சாவுப் பயத்தில் பாதிச் சோற்றோடு எழும்பியதன் பங்கு எத்தனை? என் பரிசோதனையை நானே கெடுத்துவிட்டேன் என்று வருகிற வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தேன்.

அன்று மத்தியானம் அவர் கம்பி வடியைத் தேடி எடுத்துக் கழுவி என் முன்னால் வைத்தார்.

"மூணு மாசத்துக்கு இதுலயே குடிக்கிறன். சோறு வழக்கம்போல தின்னுறன். கூடினா இதுதான் என்டு தெரிஞ்சிரும்தானே."

விளையாட்டாகச் சொல்லவில்லை. கடலின் ஆழத்தை யாராவது வாயால் சொன்னால் நம்பாமல், தானே ஈயக்கட்டியை இறக்கிப் பார்க்கிற மனுஷன் அவர். எனக்காகத் தன் நெஞ்சையே இறக்கிப் பார்க்கத் தயாராக நின்றார். வழி சரியானது என்பது எனக்குத் தெரியும். அதைவிட வேறு வழி இல்லை என்பதும் தெரியும். ஆசையாகவும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஒரு நிமிடம் அந்த வடியைக் கையில் எடுத்து, அதன் கண்களுக்கூடாக வாசலில் விழுந்த வெயிலைப் பார்த்தேன்.

"வேணாம். தெரியாமலே கிடக்கட்டும்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். உள்ளே போய் அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. பச்சை உறையோடு வந்தார். கற்பூரக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு அமானியிடம் கொடுத்து வெளியே வைக்கச் சொன்னார். பாயை விரித்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, கிழக்கு மேற்கெல்லாம் பார்க்காமல் மல்லாந்து படுத்து, கால்களை நீட்டிக் கைகளை உடம்போடு சேர்த்துக்கொண்டார். ஒரு துண்டு கழுவிக் காய்கிறபோது மாற்றுக்கு ஒன்று வேண்டுமே, எவ்வளவு எடுக்கலாம் என்று அளந்து பார் என்றார். எழும்புங்க என்றேன். எழும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அமானி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தலைக்கு மேலே முடிச்சுக்கு ஒரு சாண், காலுக்குக் கீழே ஒரு சாண். அந்த நீளத்தில் ஆணின் கபனுக்கு மூன்று துண்டு வேண்டும். நான் முழங்காலில் இருந்து, ஒரு முனையை அவர் தலைமாட்டில் வைத்து, துணியை மெதுவாக முகத்தில் படாமல் விலக்கி நெஞ்சின்மேல் இழுத்தேன். கம்பிச் சுருள் வைத்த பக்கத்தைத் தாண்டி, வயிற்றின்மேல் வந்தேன். ஒரு கையில் கத்தரிக்கோல். துணி அவருடைய மூச்சோடு ஏறியது, இறங்கியது. அளவெடுக்க நான் விரலால் பிடித்த இடம் ஒவ்வொரு முறையும் நழுவிப்போனது. மறுபடியும் தலையிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் ஏறி இறங்கியது.

"எத்தின மிஞ்சுது?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"ஆடாமக் கிடங்க," என்றேன். அவர் ஆடவில்லை. துணிதான் ஆடிக்கொண்டிருந்தது.